தோசை மாவும் மூலைக் கடையும்

ரொறன்ரோவில் மாரி காலத்தில் தோசை மா புளிக்க வைப்பதற்குக் கொஞ்சம் சூட்சுமம் வேண்டும். நகரசபை விதிப்படி அந்தக் காலத்தில் வாடகை வீட்டுக்குள் வெப்பம் 21 பாகைக்குக் கீழே இறங்கக்கூடாது. மனிதருக்கு அது போதும். மாவுக்குப் போதாது. ஓர் இரவுக்குள் பொங்கி வர அதற்கு 25 முதல் 30 பாகை வேண்டும். அதனால் எங்கள் ஆட்கள் மாச்சட்டியை அவணுக்குள் வைத்து, அவணை மூட்டாமல், உள்ளே இருக்கிற லைற்றை மட்டும் போட்டுவிட்டுப் படுப்பார்கள். விடிய எழும்பிப் பார்த்தால் மா மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

அந்த மாவில் யாரும் ஈஸ்ட் போடவில்லை. லியுகோனொஸ்ரொக் என்ற பக்றீரியாவும் அதன் கூட்டாளிகளும் உழுந்தோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. சூடு கிடைத்ததும் அவை மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று, அமிலத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளியே விடுகின்றன. உழுந்தின் வழவழப்பும் புரதமும் அந்த வாயுவைப் பிடித்து வைத்திருக்கின்றன. சமைக்கிறவர் புளிப்பை உண்டாக்குவதில்லை. ஊற வைக்கிறார், அரைக்கிறார், உப்புப் போடுகிறார், கையால் கலக்கிறார், சூடு காட்டுகிறார், சட்டியில் இடம் விடுகிறார், நேரத்துக்கு எடுக்கிறார். அவ்வளவுதான் அவருடைய வேலை.

சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு சின்னத் தமிழ்ப் பலசரக்குக் கடை அயலோடு உறவு வைத்துப் பிழைப்பதும் இந்த வகைதான். வியாபாரப் புத்தகங்களில் வாடிக்கையாளர் உறவைக் கடைக்காரர் எங்கிருந்தோ வாங்கிக்கொண்டுவந்து ஊற்றுகிற சாமானாக எழுதுகிறார்கள். அங்குள்ள மாடிக் கட்டடங்களில் உறவு முன்னமே இருக்கிறது. அதைப் பொங்க விடுவதும், புளித்துக் கெடாமல் பார்ப்பதும்தான் கடைக்காரரின் பாடு. கீழே வருவது ஒரு குறிப்பிட்ட கடையின் கதையென்று யாரும் தேடவேண்டாம். அந்தப் பகுதிக் கடைகளின் பொது வழக்கத்தையே எழுதுகிறேன்.

உழுந்து எங்கிருந்து வந்தது?

ஷேர்போர்ன் வீதிக்கும் பாலிமென்ற் வீதிக்கும் நடுவே, வெலஸ்லிக்கு வடக்கே கிடக்கிற சிறு துண்டு நிலம் சென் ஜேம்ஸ் ரவுண். 1960களில் எழுப்பிய உயர்மாடிக் கட்டடங்கள் 19 அங்கே நிற்கின்றன. குறைந்தது 14 மாடி, கூடியது 32 மாடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கனடிய நகரத்தின் பெயர். நடுத்தர வர்க்கத்து இளம் உத்தியோகத்தரை எதிர்பார்த்துக் கட்டினார்கள், வந்து நிறைந்ததோ உலகெங்கும் இருந்து குடிவந்தவர்கள். உத்தியோகபூர்வக் கணக்கிலேயே 17,000க்கு மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரு அப்பாட்மென்றில் உண்மையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பது கணக்கெடுக்க வருகிறவருக்கு எப்போதும் சரியாகச் சொல்லப்படுவதில்லை.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த எங்கள் சனத்தில் கணிசமான பங்கு முதலில் இறங்கியது இங்கேதான். காரணம் எளிது. சப்வே நடை தூரத்தில். நடுநகர் உணவகங்களில் கோப்பை கழுவிவிட்டு நடுச்சாமத்தில் நடந்தே வீடு வரலாம். ஒருவர் லீஸில் கையெழுத்துப் போட்டால் ஐந்து பேர் இருக்கலாம். முதலில் வந்தவர் தன் ஊர்க்காரரைக் கூப்பிட்டார், அவர் மச்சானைக் கூப்பிட்டார். ஒரே மாடியில் ஒரே ஊர்ப் பெயர்கள் சேர்ந்தன. கடை வருவதற்கு முன்னமே, யாருக்கு யார் சொந்தம், யார் யாரோடு கதைப்பதில்லை என்பதெல்லாம் அங்கே தயாராக இருந்தது.

கட்டடத்தின் அமைப்பும் உதவி செய்தது. கார் இல்லாதவர் கிழமைக்கொரு முறை வண்டி நிறையச் சாமான் வாங்குவதில்லை. லிப்ட்டில் இறங்கி, செருப்போடு வந்து, ஒரு தேங்காயும் ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு போவார். அடுத்த நாள் மீனுக்கு வருவார். இப்படிக் கிழமைக்கு நாலைந்து முறை ஒரு முகத்தைப் பார்க்கிற வாய்ப்பு புறநகர்ப் பெரிய கடைக்குக் கிடையாது. வெலஸ்லி வீதியிலேயே சூப்பர்மாக்கெற் இருக்கிறது. பாலுக்கும் பாணுக்கும் முட்டைக்கும் அதன் விலையைச் சின்னக் கடை ஒருநாளும் வெல்லாது, வெல்ல முயன்றால் அழிந்துபோகும். சின்னக் கடைக்கு இருப்பது அந்த நாலைந்து சந்திப்புத்தான்.

ஊற வைக்கிற காலம்

புதிதாகக் கடை திறந்தவர் செய்கிற முதல் பிழை, தனக்குத் தெரிந்த சாமானை நிரப்புவது. யாழ்ப்பாணத்துக் கறித்தூளும் ஒடியல் மாவும் குத்தரிசியும் இருந்தால் தமிழ்ச்சனம் வரும் என்பது பாதி உண்மை. எந்தக் குத்தரிசி, எத்தனை கிலோப் பை என்பதில் மற்றப் பாதி இருக்கிறது. லிப்ட்டில் தூக்கிக்கொண்டு போகிற அம்மாவுக்கு 20 கிலோப் பை உதவாது. இரவு வேலை முடித்து வருகிற பெடியனுக்கு அவித்த இடியப்பமும் சம்பலும் சொதியும் வேண்டும், அரிசி மா வேண்டாம்.

கேட்டறிவதற்கு ஒரு பழைய முறை உண்டு. 'இல்லை' என்று சொல்லி அனுப்பிய சாமானை எல்லாம் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியில் எழுதி வைப்பது. ஒரே சாமானை மூன்று வேறு ஆட்கள் கேட்டால் அடுத்த லொறியில் அதை இறக்குவது. மேலைநாட்டு நிறுவனங்கள் பெரும் பணம் கொடுத்து வாங்குகிற சந்தை ஆய்வு இங்கே ஒரு பேனையோடு முடிந்துவிடுகிறது. இறக்கிய பிறகு கேட்டவரிடம் "அக்கா, நீங்கள் கேட்ட முருங்கையிலை வந்திருக்கு" என்று சொல்வதுதான் முக்கியம். சொல்லாவிட்டால் கொப்பியில் எழுதியதில் பாதிப் பயன் போய்விடும். அந்த அக்கா ஒரு கட்டு முருங்கையிலை வாங்குவார், தான் சொன்னதற்கு இந்தக் கடையில் மதிப்பிருக்கிறது என்பதை நாலு பேருக்குச் சொல்வார்.

சாமான் விற்காத வேலையும் கடைக்கு உண்டு. தொண்ணூறுகளில் இந்தக் கடைகளில் ரெலிபோன் கார்ட் வாங்கலாம், படக் கொப்பி வாடகைக்கு எடுக்கலாம், வெள்ளிக்கிழமைகளில் இலவசத் தமிழ்ப் பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு போகலாம். கதவுக் கண்ணாடியில் மரண அறிவித்தல் ஒட்டியிருக்கும். அறை வாடகைக்கு, பிள்ளை பராமரிப்பு, வயலின் வகுப்பு என்று துண்டுகள் தொங்கும். புதிதாக வந்தவருக்கு எந்த டொக்ரர் தமிழ் கதைப்பார், எந்த வழக்கறிஞர் நம்பலாம் என்ற விபரம் கல்லாவில் கிடைக்கும். இதில் கடைக்குச் சல்லிக்காசு இலாபமில்லை. ஆனால் ஆள் உள்ளே வந்து போவதற்கு இது ஒரு காரணம். கார்ட்டையும் படக் கொப்பியையும் கைப்பேசி விழுங்கிவிட்டது. மரண அறிவித்தல் இணையத்துக்கும் வட்ஸ்அப்புக்கும் போய்விட்டது. அந்த இடத்தை என்ன கொண்டு நிரப்புவது என்று யோசிக்காத கடைகள் வெறும் சாமான் விற்கிற இடமாகச் சுருங்கின. சுருங்கியதை அவர்கள் விற்பனைக் கணக்கில் காண இரண்டு மூன்று வருடம் எடுத்திருக்கும்.

உப்பு

உப்பில்லாத மா கண்டபடி புளித்து நாறும். உப்புக் கூடினால் பொங்கவே பொங்காது. கடைக்கு உப்பு கடன்தான், சரியாகச் சொன்னால் கடனுக்கு வைக்கிற எல்லை.

"அண்ணை, கொப்பியில போடுங்கோ" என்ற ஒரு வசனத்தில் எங்கள் ஊர்ச் சங்கக்கடைக் காலம் முதல் இன்றுவரையான வணிக வரலாறு இருக்கிறது. வங்கி அட்டை இல்லாத, கனடாவில் கடன் வரலாறே இல்லாத, சம்பளம் இரண்டு கிழமைக்கொருமுறை வருகிற மனிதருக்குக் கொப்பிதான் முதல் வங்கி. கொடுத்த கடைக்காரரை அவர் மறப்பதில்லை. பின்னாளில் ஸ்காபரோவில் வீடு வாங்கிப் போன பிறகும் அந்தக் கடைக்காரரின் மகளின் சாமத்தியவீட்டுக்கு வந்து நிற்பார்.

அதே கொப்பி கடையை மூடவும் வைக்கும். கணக்கைப் பாருங்கள். கடைக்கு 80 டொலருக்கு வந்த சாமானை 100 டொலருக்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். வாங்கியவர் காசு தராமல் போய்விட்டார். உங்களுக்கு நட்டம் 80 டொலர். நூறு டொலர் வியாபாரத்தில் மிஞ்சுவது 20 என்பதால், அந்த 80ஐ மீட்க இன்னும் 400 டொலருக்கு விற்கவேண்டும். வாடகையையும் மின்சாரத்தையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. பலசரக்கில் பல சாமான்களுக்கு நூற்றுக்கு 20 மிஞ்சுவதும் இல்லை.

நின்று பிடித்த கடைகள் இதை எப்படிச் சமாளித்தன? ஆளைப் பார்த்து எல்லை வைத்தன. புது ஆளுக்குச் சிறு தொகை, திருப்பித் தந்தால் அடுத்த முறை கொஞ்சம் கூட. எல்லைக்கு மேலே போனால் மறுப்பதற்கு ஒரு நாகரிகமான வசனம் தயாராக இருக்கும். "தம்பி, முதலாளி அம்மா கணக்குப் பார்க்கிறா, இந்த மாதம் ஏலாது." அந்த 'அம்மா' பெரும்பாலும் கடைக்காரரின் மனைவிதான். கணவர் சிரித்த முகத்தோடு கல்லாவில், மனைவி கடுமையான கணக்கோடு பின்னறையில். ஒருவர் முகம் கெடாமல் மற்றவர் எல்லையைக் காக்கிற இந்த ஏற்பாட்டை எந்த வணிகப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

மாதத்துக்கும் ஒரு தாளம் உண்டு. வெல்பெயர் காசு மாத முடிவில் வரும். எங்கள் ஆட்கள் இன்னமும் 'சைல்ட் ரக்ஸ்' என்று சொல்கிற பிள்ளை உதவிப்பணம் 20ஆம் திகதியை ஒட்டி வரும். கொப்பியைத் தீர்க்கச் சொல்லிக் கேட்பதற்கு இவை இரண்டும்தான் நாட்கள். மற்ற நாளில் கேட்டால் காசும் வராது, ஆளும் வரமாட்டார். கடன்பட்டவர் கடைக்கு வராமல் தெருவின் மறுபக்கத்தால் நடக்கத் தொடங்கினால் கடைக்காரர் இரண்டு நட்டம் அடைகிறார், பழைய காசும் போச்சு, வரவிருந்த வியாபாரமும் போச்சு. அனுபவசாலிகள் அந்தக் கட்டத்தில் பழைய கணக்கை ஒரு கோட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு, "அதைப் பிறகு பார்ப்பம், இப்ப காசுக்கு வாங்குங்கோ" என்று கூப்பிட்டுவிடுவார்கள்.

கையால் கலப்பது

மா கலக்க அகப்பை வேண்டாம், கைதான் நல்லது என்று எங்கள் அம்மாமார் சொல்வார்கள். கையிலிருக்கிற கிருமியும் சூடும் உதவும் என்பார்கள். கையின் பங்கு எவ்வளவு என்பதில் விவாதம் இருக்கலாம். கடையில் விவாதமே இல்லை. முதலாளி நிற்கிற கடைக்கும் நிற்காத கடைக்கும் வித்தியாசம் ஒரு மாதத்திலேயே தெரியும்.

இது முறைப்பாடு வருகிற நேரத்தில் நன்றாக விளங்கும். மாடிக் கட்டடத்தில் ஒரு பழுதான தேங்காய் பற்றிய செய்தி லிப்ட்டில் ஏறிப் பின்னேரத்துக்குள் எல்லா மாடிக்கும் போய்விடும். இப்போது வட்ஸ்அப் குழுக்கள் இருப்பதால் லிப்ட்டுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. தேங்காயைக் கொண்டுவந்து காட்டச் சொல்லாமல் உடனே வேறொன்று கொடுக்கிற கடைக்காரருக்கு ஒரு தேங்காய் நட்டம். ரசீது கேட்கிறவருக்கு ஒரு பில்டிங் நட்டம். இதில் ஏமாற்றுகிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் யாரென்று கடைக்காரருக்கும் தெரியும், அவர்களின் அயலட்டைக்கும் தெரியும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை போடவேண்டும்.

சமைத்த சாப்பாடு விற்கிற கடைக்கு இன்னொரு பார்வையாளரும் உண்டு. ரொறன்ரோ ஸ்ரார் பத்திரிகை 2000ஆம் ஆண்டில் நகர உணவகங்களின் அழுக்கை வெளியே கொண்டுவந்ததைத் தொடர்ந்து, 2001இல் நகரத்தின் பொதுச் சுகாதாரப் பகுதி டைன்சேஃப் திட்டத்தைத் தொடக்கியது. பரிசோதனை முடிவு வாசலிலேயே தொங்கும், பச்சை என்றால் சித்தி, மஞ்சள் என்றால் நிபந்தனையோடு சித்தி, சிவப்பு என்றால் மூடு. கொத்து ரொட்டியும் மட்டன் ரோல்ஸும் விற்கிற இடத்தில் மஞ்சள் அட்டை விழுவது அவமானமாக இருக்கும். அதை ஒரு விளம்பரத் தாளுக்குப் பின்னால் மறைக்கப் பார்ப்பது முட்டாள்தனம். "பிரிட்ஜின் வெப்பம் கூடிப்போச்சு, மெக்கானிக் வந்து பார்த்திட்டார், மறுபரிசோதனைக்குக் காத்திருக்கிறம்" என்று கேட்கிறவருக்குச் சொல்லிவிடுகிற கடைக்குச் சனம் திரும்பி வரும். வதந்திக்கு இடம் வைத்தால் பிரிட்ஜுக்குள் எலியும் வந்துவிடும்.

சட்டியில் விடுகிற இடம்

மா பொங்கும் என்று தெரிந்தவர் சட்டியைக் கழுத்துவரை நிரப்பமாட்டார். இப்படி இடம் விடுவதில்தான் எங்கள் கடைக்காரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்லவேண்டியிருக்கிறது.

கனடாத் தமிழரிடம் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில், தேவாலயம், விளையாட்டுக் கழகம், நடன அரங்கேற்றம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விழா, ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு மலர், ஒவ்வொரு மலருக்கும் பின்பக்கங்களில் விளம்பரம். மலரோடு வருகிறவர் வாடிக்கையாளர், ஊர்க்காரர், சிலவேளை சம்பந்தி. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல முடியாது. ஒருவருக்கு 200 டொலர், மற்றவருக்கு 50 டொலர் என்று கொடுத்தால் அடுத்த மாதமே இருவரும் ஒரு கலியாண வீட்டில் சந்தித்துக்கொள்வார்கள். கொடுத்ததற்கு நன்றி வராது, கொடுத்த வித்தியாசத்துக்குக் கோபம் வரும்.

இதற்குத் தமிழ் வணிகம் ஒரு தீர்வை வெகுகாலத்துக்கு முன்னமே கண்டுபிடித்திருந்தது. விருதுநகர், சிவகாசிப் பக்கத்து நாடார் வணிகர்கள் மகமை என்றொரு முறையை நடத்தினார்கள். வாங்கி விற்கிற சரக்கின்மேல் ஒரு சிறு பங்கு எல்லாரிடமும் ஒரே வீதத்தில் அறவிடப்பட்டு, உறவின்முறை என்கிற அவர்களின் சமூக அமைப்பின் பொதுப் பணமாகும். அதிலிருந்து கோயில், கிணறு, பள்ளிக்கூடம். விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அந்தச் சூழலில் பிறந்தது. அந்தப் பள்ளிக்காக வீடு வீடாகப் பிடியரிசியும் சேர்த்தார்கள். காமராசர் படித்த பள்ளி அது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி எழுந்ததும், பின்னர் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனதும் இதே கூட்டுப் பழக்கத்தின் தொடர்ச்சி. வணிகர் ஒவ்வொருவரும் தனித்தனியே வாசலில் வந்து நிற்கிறவருக்குக் கொடுக்கவில்லை. வீதம் முன்னமே தெரியும், எல்லாருக்கும் ஒன்று. முகம் பார்க்க இடமில்லாததால் முகம் முறியவும் இடமில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், ரொறன்ரோவும் தன் பாட்டில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1960களில் புளோர் வீதியில் சப்வே வந்ததும் சனம் நிலத்துக்கு அடியால் போனது, புறநகர் மோல்கள் மற்றப் பக்கத்தால் இழுத்தன. மேற்குப் புளோர் வணிகர்கள் விரும்பியவர் தருகிற சந்தாவை வைத்துத் தெருவை அழகாக்கப் பார்த்தார்கள். சிலர் கொடுத்தார்கள், பலர் கொடுக்காமலே வெளிச்சத்தை அனுபவித்தார்கள். 1970இல் ஒரு முடிவு வந்தது. எல்லைக்குள் இருக்கிற எல்லா வணிகச் சொத்துக்கும் நகரசபை வரியோடு சேர்த்து ஒரு கட்டணத்தை அறவிட்டு, அதை வணிகர் சபையிடமே திருப்பிக் கொடுக்கும். புளோர் வெஸ்ற் வில்லேஜ் அப்படித்தான் உலகின் முதல் வணிக மேம்பாட்டுப் பகுதி ஆனது. இன்று உலகின் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான தெருக்கள் இந்த மாதிரியைப் பின்பற்றுகின்றன. சென் ஜேம்ஸ் ரவுணுக்குத் தெற்கே கபேஜ்ரவுணின் பாலிமென்ற் வீதி வணிகரும் இப்படியொரு சபை வைத்திருக்கிறார்கள். தெருவில் பூச்சட்டி தொங்குவதும் விழா நடப்பதும் இந்த ஏற்பாட்டின் பலன்.

எங்கள் கடைக்காரர்கள் அந்தச் சபைகளில் அதிகம் தலை காட்டுவதில்லை. 1991இல் தொடங்கிய கனடியத் தமிழர் வர்த்தக சம்மேளனத்தின் விருது விழாவுக்குக் கோட் போட்டுக்கொண்டு போகத் தெரிந்தவருக்கு, தன் தெரு வணிகர் சபையின் ஆண்டுக் கூட்டம் எப்போது என்று தெரியாது. வாடகையோடு சேர்த்து அந்தக் கட்டணத்தைப் பலர் கட்டிக்கொண்டும் இருக்கலாம். கட்டுகிற காசுக்குக் கேள்வி கேட்காமல் விடுவது எனக்கு விளங்காத தாராளம்.

மலர்க்காரருக்கு என்ன செய்வது? ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தொகையை ஒதுக்கி, எல்லாருக்கும் ஒரே அளவு விளம்பரம் என்று எழுதி ஒட்டிவிடுவதுதான் வழி. காசாகக் கொடுப்பதைவிடச் சாமானாகக் கொடுப்பது நல்லது. விளையாட்டுப் போட்டிக்குத் தண்ணீர்ப் போத்தல், கோயில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை. கடைக்கு அதன் செலவு வாங்கிய விலைதான், பெறுகிறவருக்கு அதன் மதிப்பு விற்கிற விலை. ஒதுக்கிய தொகை முடிந்துவிட்டால் "இந்த வருசம் முடிஞ்சுது, வாற தை மாதம் முதல் ஆளா வாங்கோ" என்று சொல்ல முடியும். அது பொய்யும் இல்லை, அவமதிப்பும் இல்லை.

அளவு மிஞ்சினால்

நல்ல மாவும் நேரத்துக்கு எடுக்காவிட்டால் வாயில் வைக்க ஏலாமல் புளிக்கும். சமூக உறவுக்கும் அப்படியொரு பக்கம் உண்டு, அதை மறைத்து எழுதுவது நேர்மை அல்ல. இலங்கைப் போர்க்காலத்தில் ரொறன்ரோவின் தமிழ்க் கடைக்காரர்களிடம் போருக்கு நிதி கேட்டு வந்தவர்கள் எல்லாரும் கெஞ்சிக் கேட்கவில்லை. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, புலம்பெயர் தமிழ்க் குடும்பங்கள் மீதும் வணிகர்கள் மீதும் விழுந்த நெருக்குதலைப் பதிவுசெய்தது. மனமுவந்து கொடுத்தவர்கள் ஏராளம், அதுவும் உண்மை. கொடுக்க மறுத்தால் அயல் என்ன செய்யும் என்று பயந்து கொடுத்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பயம் கடை வளர உதவவில்லை.

சின்ன அளவிலும் இது நடக்கும். ஊர்ப் பிளவில் ஒரு பக்கத்தின் கடை என்ற பெயர் விழுந்தால் மறுபக்கம் வராது. கல்லாவில் நின்று அடுத்தவர் வீட்டுக் கதை கதைக்கிறவரைக் கண்டால், வாங்க வந்தவருக்குத் தன் வீட்டுக் கதையையும் இவர் கதைப்பார் என்று தோன்றும். எல்லாவற்றையும் கேட்கிற, எதையும் திருப்பிச் சொல்லாத கடைக்காரரிடம்தான் சனம் கூடும்.

ஆட்கள் மாறினால்

தொண்ணூறுகளின் நடுவிலிருந்தே தமிழர் ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் பின்னர் ஏஜக்சுக்கும் நகர்ந்தார்கள். பிள்ளைக்கு அறை, வாசலில் கார், பின்வளவில் கறிமிளகாய்க் கன்று. சென் ஜேம்ஸ் ரவுணில் தமிழ் இன்னமும் கேட்கிறது, ஆனால் இன்று பிலிப்பைன்ஸ்காரர், நேபாளிகள், எத்தியோப்பியர், இன்னும் பலர் அங்கே இருக்கிறார்கள். தமிழரை மட்டும் நம்பிய கடை கிழக்கே போனது, அல்லது மூடியது.

அங்கேயே நின்ற கடைக்காரர்கள் தங்கள் தட்டுகளைத் திரும்பப் பார்த்தார்கள். நெத்தலிக் கருவாடு பிலிப்பைன்ஸ்காரருக்கும் வேண்டும், தேங்காய்ப்பாலும் வேண்டும். மைசூர்ப் பருப்பு நேபாளி வீட்டிலும் தினமும் கொதிக்கும். ஏற்கெனவே இருக்கிற சாமானுக்குப் புது வாடிக்கையாளர். பெயர்ப்பலகையில் தமிழுக்குக் கீழே இன்னொரு மொழியில் ஒரு வரி, விற்பனைக்கு நிற்கிற பிள்ளைகளில் ஒருவர் தகாலோக் பேசுகிறவர், பொங்கலுக்குக் கொடுக்கிற கலண்டரைப் போலவே நேபாளிகளின் தசாயின் பண்டிகைக்கும் ஒரு வாழ்த்து அட்டை. 'இது எங்கட ஆட்களின்ர கடை' என்று பழைய வாடிக்கையாளர் முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பைச் சகித்துக்கொள்வது வளர்ச்சிக்கான விலை.

வேறு விதமாகவும் ஆட்கள் போவார்கள். 2010 செப்ரெம்பர் 24ஆம் திகதி 200 வெலஸ்லி கிழக்குக் கட்டடத்தில் பெருந்தீ மூண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். 2018 ஓகஸ்ற் 21ஆம் திகதி 650 பாலிமென்ற் கட்டடத்தில் மின்தீ. சுமார் 1,500 பேர் ஒரு வருடத்துக்கும் மேலாக வீடு திரும்பவில்லை. லிப்ட்டில் இறங்கி வருகிற சனத்தை நம்பிய கடைக்கு ஒரே நாளில் ஒரு கட்டடம் இல்லாமல் போவது என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. ஒரே பில்டிங்கை நம்பக்கூடாது என்பது அந்த இரண்டு திகதிகளும் சொல்லித் தந்த வியாபாரப் பாடம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஏற்பாடு, இடம்மாறிய வாடிக்கையாளரின் தொலைபேசி எண், பக்கத்து உணவகத்துக்கு மொத்தமாகச் சாமான் கொடுக்கிற ஒப்பந்தம், இவை மூன்றில் ஒன்றாவது இருந்தால் மூச்சு விடலாம்.

இத்தனையும் சரியாகச் செய்தும் கடை மூடலாம். ஒன்ராறியோவில் பெரும்பாலான பழைய குடியிருப்புகளின் வாடகைக்கு வருடாந்த உச்சவரம்பை மாகாணம் நிர்ணயிக்கிறது. கடை வாடகைக்கு அப்படி ஒன்றும் இல்லை. லீஸ் முடிகிற நாளில் உரிமையாளர் கேட்பதுதான் வாடகை, கடைக்காரர் முப்பது வருடமாகச் சேர்த்த நல்ல பெயருக்கு அந்த மேசையில் விலை கிடையாது. மாடிக் குடியிருப்புகளின் நிலமாடியில் சின்னக் கடைகளை அனுமதிக்கும் புதிய வலய விதியை நகரசபை 2014இல் நிறைவேற்றியது. கதவைத் திறந்துவிடுவது வரைதான் அந்த விதியின் வேலை, உள்ளே இடம் தருவதும் வாடகை சொல்வதும் கட்டட உரிமையாளர்தான். ஆகவே கடை திறக்க யோசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தட்டுகளுக்குச் சாமான் எடுப்பதற்கு முன், லீஸை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து, புதுப்பிக்கும் உரிமை உங்களுக்கு எத்தனை வருடத்துக்கு, எந்த வாடகையில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்த வரி இல்லாத லீஸில் கையெழுத்துப் போடாதீர்கள்.